ரெடிமேட் லினக்ஸ் சர்வர்: அமைக்கவும் இடம் மாற்றவும் பயனுள்ள குறிப்புகள்

குடும்பப் படங்களுக்கு ஒரு நெக்ஸ்ட்கிளவுட், கடைக்கு ஒரு வேர்ட்பிரஸ், டியூஷன் சென்டருக்கு ஒரு மூடுல் என்று வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். லினக்ஸ், வெப் சர்வர், டேட்டாபேஸ், செயலி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் ரெடிமேட் சர்வர்கள் இலவசமாகவே கிடைப்பதுதான் காரணம். அவற்றில் பெயர் பெற்றது 2008-இல் தொடங்கிய டர்ன்கீ லினக்ஸ். முதலில் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டிருந்தது, 12-ஆம் பதிப்பிலிருந்து டெபியனுக்கு மாறியது. கீழே உள்ள குறிப்புகள் அதை மனத்தில் வைத்து எழுதியவை. பெரும்பாலானவை மற்ற ரெடிமேட் சர்வர்களுக்கும் பொருந்தும்.

1. டவுன்லோடு செய்யும்போதே வகையைப் பார்த்து எடுங்கள். தனிக் கம்ப்யூட்டரில் நேரடியாக நிறுவ ஐஎஸ்ஓ. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் என்றால் ஓவிஏ. பிராக்ஸ்மாக்ஸ் என்றால் அதன் டெம்ப்ளேட் பட்டியலிலேயே டர்ன்கீ கன்டெய்னர்கள் இருக்கும். ஹைப்பர்-வி ஓவிஏ கோப்பை அப்படியே ஏற்காது, அங்கும் ஐஎஸ்ஓதான் வசதி. ஓவிஏ-வைப் பென்டிரைவில் எழுதிவிட்டு, "பூட் ஆகவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

2. டவுன்லோடு பக்கத்தில் கோப்பின் ஹாஷ் எண்ணும் கொடுத்திருப்பார்கள். இறக்கிய கோப்பின் ஹாஷை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு நிறுவும் நடுவில் புரியாத பிழைகளைத் தரும். அந்தப் பிழைகளை எங்கே தேடினாலும் விடை கிடைக்காது.

3. விர்ச்சுவல்பாக்ஸில் 64-பிட் என்ற தேர்வே தெரியவில்லையா? பயாஸுக்குள் போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற வசதியை 'ஆன்' செய்யுங்கள். சாஃப்ட்வேரைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

4. முதல் தடவை ஓடும்போது வரும் நீலத்திரைக் கேள்விகளுக்குப் பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ரூட் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, செயலியின் அட்மின் பாஸ்வேர்டு என்று மூன்று வரலாம். மூன்றும் வெவ்வேறு. "பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டேன், உள்ளே விடவில்லை" என்ற புகாரில் பாதி, ரூட் பாஸ்வேர்டை வேர்ட்பிரஸ் பக்கத்தில் போட்டுப் பார்த்ததாகவே இருக்கும். கருப்புத் திரையிலும், பிரவுசர் வழியாகச் சர்வரை நிர்வகிக்கும் வெப்மினிலும் பெயர் ரூட், செயலியில் பெரும்பாலும் அட்மின். டர்ன்கீயின் ஹப் சேவைக்கான சாவி கேட்டால் தயங்காமல் தாண்டிவிடலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட்டை நிறுவட்டுமா என்று கேட்கும் கடைசிக் கேள்வியை மட்டும் தாண்டாதீர்கள். தவறாகப் பதில் சொல்லிவிட்டால் முழுதும் அழித்து நிறுவ வேண்டாம்: ரூட்டாக உள்ளே போய் டர்ன்கீ-இனிட் என்ற கட்டளையைக் கொடுத்தால் அதே கேள்விகள் மறுபடி வரும்.

5. கருப்புத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் விசைப்பலகைகளும் பெரும்பாலும் அதுவே என்பதால் இங்கே பிரச்னை இல்லை. லண்டனில் இருக்கும் உறவினருக்கு அமைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், அங்கே 'அட்' குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். முதல் பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் கோடும் மட்டும் போட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

6. திரையில் தெரியும் ஐபி முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 10.0.2.15 என்று காட்டினால் விர்ச்சுவல்பாக்ஸ் 'நாட்' முறையில் இருக்கிறது. சர்வரிலிருந்து இன்டர்நெட் போகும், ஆனால் உங்கள் பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போக முடியாது. நெட்வொர்க் அமைப்பை 'பிரிட்ஜ்டு' என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை: கேபிளைப் பாருங்கள், எந்த நெட்வொர்க் கார்டோடு பிரிட்ஜ் செய்தீர்கள் என்பதையும் பாருங்கள். வைஃபை கார்டோடு பிரிட்ஜ் செய்தால் சில ரூட்டர்கள் மறுத்துவிடும், ஒரே வைஃபை இணைப்பிலிருந்து இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகள் பேசுவதை அவை ஏற்பதில்லை. சர்வர் என்று வந்துவிட்டால் கேபிள் போடுவதே நல்லது.

7. நிலையான ஐபி வேண்டுமென்றால் அதை ரூட்டரில் ஒதுக்குங்கள், சர்வருக்குள் எழுதாதீர்கள். சர்வருக்குள் எழுதினால், பின்னால் ரூட்டரை மாற்றும் அன்று சர்வர் காணாமல் போகும். எழுதியே ஆக வேண்டும் என்றால் டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். 8.8.8.8-க்குப் பிங் போகிறது, ஆனால் எந்தத் தளத்தின் பெயரும் வேலை செய்யவில்லை என்றால் விட்டுப்போனது அதுதான்.

8. முதல்முறை பிரவுசரில் திறக்கும்போது "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வருவது இயல்பு. சர்வர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ் அது. வீட்டு நெட்வொர்க்குக்குள் தொடரலாம். வெப்மின் 12321-ஆம் போர்ட்டிலும் டேட்டாபேஸ் பார்க்கும் அட்மினர் 12322-ஆம் போர்ட்டிலும் இருக்கும். இந்த இரண்டையும் ரூட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள், எந்த அவசரத்துக்கும்.

9. பிராக்ஸ்மாக்ஸ் கன்டெய்னரில் டர்ன்கீயைப் போட்டவுடன் தளத்தைத் திறந்தால் செயலிக்குப் பதில் ஓர் அறிவிப்புப் பக்கம் வரும். பழுது ஒன்றும் இல்லை. ஒருமுறை ரூட்டாக உள்ளே நுழைந்து, நான்காம் குறிப்பில் சொன்ன கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே அது வழிவிடும்.

10. அதே கன்டெய்னரில், வெளியே உள்ள ஃபோல்டரை இணைத்தால் கோப்புகளின் உரிமையாளர் 'நோபடி' என்று தெரிகிறதா? சலுகையில்லாத கன்டெய்னர்களில் பயனர் எண்கள் 1,00,000 தள்ளி எண்ணப்படும். கன்டெய்னருக்குள் வெப் சர்வரின் எண் 33 என்றால் வெளியே அது 1,00,033. வெளியே அந்த எண்ணுக்கு உரிமை கொடுத்தால் போதும். கோபத்தில் 777 என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுகிறார்கள், அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றும் வேலை.

11. ஒருமுறை அமைத்த சர்வரைக் குளோன் செய்து இரண்டாவது சர்வர் ஆக்காதீர்கள். எஸ்எஸ்ஹெச் சாவி, ரகசிய எண்கள், சில சமயம் ஐபி முகவரி வரை இரட்டையாகிவிடும். இவற்றையெல்லாம் டர்ன்கீ புதிதாக உருவாக்குவது முதல் தடவை ஓடும்போதுதான். இரண்டாவது வேண்டுமென்றால் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள், பத்து நிமிட வேலை.

12. தளம் திறக்கவில்லை என்றால் சோதிக்கும் வரிசை முக்கியம். முதலில் பிங்: போகவில்லையென்றால் நெட்வொர்க். போனால் வெப்மின் திறக்கிறதா பாருங்கள்: திறந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோதான் நின்றிருக்கிறது. சேவையின் நிலையைக் கேட்டால் நின்ற காரணம் ஒன்றிரண்டு வரியில் வரும். எல்லாம் ஓடியும் வெள்ளைப் பக்கம் வந்தால் பிஹெச்பி-யின் பிழைப் பதிவேட்டில் கடைசி வரிகளைப் படியுங்கள். படிக்காமல் ரீஸ்டார்ட் செய்வதால் சில நேரம் சரியாகும். ஆனால் ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த வாரமும் அதே கதை.

13. வெளியிலிருந்து சர்வரைப் பார்க்க ரூட்டரில் போர்ட்டைத் திறந்தும் பயனில்லையா? ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அது உங்களுக்கு மட்டுமான முகவரி இல்லை, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது உங்கள் இணைப்பு நிறுவனம். எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்கலாம், கூடுதல் கட்டணம் இருக்கும். குடும்பத்துக்குள் மட்டும் பயன்பாடு என்றால் வயர்கார்டு அடிப்படையிலான டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்வதே மேல், போர்ட் திறக்கும் ஆபத்தும் இல்லை. இன்னொன்று: மொபைல் டேட்டாவில் திறக்கும் டொமைன், வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால் சர்வரில் குறையில்லை. உள்ளிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே திரும்பும் பாதையைப் பல மலிவு ரூட்டர்கள் ஆதரிப்பதில்லை.

14. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைக் கருப்புத் திரை மெனுவிலிருந்தே வாங்கலாம். வழக்கமான முறையில் 80-ஆம் போர்ட் வெளியே திறந்திருக்க வேண்டும், 443 மட்டும் போதாது. டொமைன் புதிய முகவரியைக் காட்டத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். தோல்வியடைந்த முயற்சிகளுக்கு மணிக்கு 5 என்ற வரம்பு உண்டு. ஒரே பெயருக்கு வாரத்தில் 5 சான்றிதழ்தான். பழகிப் பார்க்க அவர்களே 'ஸ்டேஜிங்' என்று தனியாகச் சோதனைக் களம் வைத்திருக்கிறார்கள்.

15. "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" மெயில் வரவில்லை என்றால் பெரும்பாலும் சர்வர் அனுப்பியிருக்கும், வழியில் அடைத்திருப்பார்கள். அமேசான், கூகுள் கிளவுடுகள் 25-ஆம் போர்ட்டை இயல்பிலேயே மூடி வைத்திருக்கின்றன, வீட்டு இணைப்புகள் பலவற்றிலும் அப்படித்தான். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையைப் பாருங்கள், அனுப்பாத கடிதங்கள் அங்கே குவிந்திருக்கும். 587-ஆம் போர்ட் வழியாக வேறொரு மெயில் சேவை மூலம் அனுப்பும்படி மாற்றுங்கள். ஜிமெயில் என்றால் உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது: இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும்.

16. சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இரவு 2 மணிக்கு என்று வைத்த பேக்கப் காலை ஏழரைக்கு ஓடி, கடை திறக்கும் நேரத்தில் சர்வரை மந்தமாக்கும். டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள், இலங்கையில் ஏசியா/கொழும்பு.

17. டிஸ்க் நிரம்பிவிட்டதென்று விர்ச்சுவல் டிஸ்கை 20 ஜிபி-யிலிருந்து 100 ஆக்கினாலும், உள்ளே 20-தான் காட்டும். டிஸ்க், அதற்குள் பார்ட்டிஷன், அதற்குள் எல்விஎம், அதன்மேல் ஃபைல் சிஸ்டம் என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வோர் அடுக்காகப் பெரிதாக்க வேண்டும். அதற்கு முன் எது இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் அழித்த கோப்புகள் இயல்பாகவே 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். இடம் மீதி இருந்தும் "இடம் இல்லை" என்றால் ஐநோடு தீர்ந்திருக்கும்: லட்சக்கணக்கான பொடிக் கோப்புகள் எங்கோ சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலும் செஷன் ஃபோல்டரில்.

இனி இடம் மாற்றுவது. உண்மையான தலைவலி இங்கேதான்.

18. பழைய சர்வரை அப்படியே புதிய டெபியனுக்கு உயர்த்த முயலாதீர்கள். முடியாது என்று இல்லை. முடியும், ஆனால் ரெடிமேட் சர்வரில் அது வீண் பாடு. பக்கத்திலேயே புதிய பதிப்பு சர்வரை எழுப்பி, டேட்டாவை மட்டும் கொண்டுவாருங்கள். பழையது அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், தோற்றாலும் நஷ்டமில்லை. எல்லாம் சரியென்று தெரிந்த பிறகும் பழையதை நிறுத்திவைத்தால் போதும், ஒரு மாதம் வரை அழிக்க வேண்டாம்.

19. மாற்றுவதற்கு முதல் நாளே டொமைனின் டிடிஎல் அளவை 300 விநாடியாகக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் பழைய தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய்விட்டு டேட்டாபேஸை எடுங்கள். இல்லையென்றால் நீங்கள் நகலெடுத்த பிறகு வந்த ஆர்டர் பழையதிலேயே தங்கிவிடும். புதியதைச் சோதிக்க டொமைனை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு மட்டும் புதியது தெரியும். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

20. டர்ன்கீக்கே உரிய பேக்கப் கருவி டிகேஎல்பாம். மூலப் பதிப்பிலிருந்து நீங்கள் மாற்றியதை மட்டும், அதாவது கோப்புகள், டேட்டாபேஸ், கூடுதலாக நிறுவிய பேக்கேஜ்கள், சேமிக்கும் என்பதால் பேக்கப் சிறியது. அதே பதிப்புக்குத் திருப்பினால் மிக நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மூன்று பதிப்பு தாண்டித் திருப்பும்போதுதான் கவனம் தேவை. பழைய சர்வரின் அப்பாச்சி அமைப்புக் கோப்புகளும் கூடவே வந்து, இப்போது இல்லவே இல்லாத பிஹெச்பி 5 மாட்யூலைத் தேடும், அப்பாச்சி கிளம்ப மறுக்கும். ஆகவே பதிப்பு மாறும்போது பேக்கேஜ்களைத் தவிர்த்து, டேட்டாபேஸையும் செயலியின் ஃபோல்டரையும் மட்டும் திருப்புங்கள், இதற்கென்றே அதில் தேர்வுகள் இருக்கின்றன. திருப்பியது சரிப்படவில்லை என்றால் முந்தைய நிலைக்குப் போக 'ரோல்பேக்' கட்டளையும் உண்டு. இது பலருக்குத் தெரியாததால் சர்வரையே அழித்துவிடுகிறார்கள்.

21. கையால் மாற்றுபவர்கள் எல்லா டேட்டாபேஸையும் மொத்தமாக அள்ள வேண்டாம். செயலியின் டேட்டாபேஸை மட்டும் எடுங்கள். மொத்தமாக எடுத்தால் பழைய சர்வரின் பயனர் பட்டியலும் சேர்ந்து வந்து, புதிய டேட்டாபேஸின் உள்கணக்கைக் குழப்பிவிடும்.

22. இடம் மாற்றியவுடன் "டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை" என்று வருகிறதா? புதிய சர்வர் தன் டேட்டாபேஸுக்கு ஒரு புதுப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறது, நீங்கள் கொண்டுவந்த கான்ஃபிக் கோப்பில் பழையது இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்றால் புதிய சர்வரின் கான்ஃபிக் கோப்பையே வைத்துக்கொண்டு, டேபிள் பெயர் முன்னொட்டு ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் விஷயம் தலைகீழ்: பழைய கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசிய எண், சால்ட், அடையாள எண் மூன்றும் கட்டாயம் வர வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் அதில் திருத்துங்கள். நம்பத்தகுந்த டொமைன்கள் பட்டியலில் புதிய முகவரியைச் சேர்க்க மறந்தாலும் நெக்ஸ்ட்கிளவுட் கதவைத் திறக்காது.

23. பதிப்பு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டர்ன்கீ 16 என்றால் டெபியன் 10, பிஹெச்பி 7.3. டர்ன்கீ 17 என்றால் டெபியன் 11, பிஹெச்பி 7.4. டர்ன்கீ 18 என்றால் டெபியன் 12, பிஹெச்பி 8.2. ஏழிலிருந்து எட்டுக்குத் தாவும் இடத்தில்தான் பழைய பிளக்இன்கள் விழுகின்றன. பழைய சர்வரிலேயே பிளக்இன்களையும் தீமையும் முடிந்தவரை புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்பு ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியாது. 25-இலிருந்து 28-க்குப் போக வேண்டுமானால் 26, 27 இரண்டிலும் இறங்கி ஏற வேண்டும்.

24. தமிழில் பதிவுகள் உள்ள தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. மாற்றிய பிறகு தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறித் தெரிந்தால் பயப்படாதீர்கள், டேட்டா அழியவில்லை. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். அதை லத்தீன்-1 என்று நினைத்து ஒவ்வொரு பைட்டாகப் படித்ததன் விளைவு இது. அந்த நிலையிலேயே திருத்தத் தொடங்காமல், பழைய சர்வருக்குத் திரும்பிப் போய், எடுக்கும்போதும் ஏற்றும்போதும் எழுத்துமுறை யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி மறுபடி செய்யுங்கள். மிகப் பழைய தளங்களில் டேபிளே லத்தீன் என்று பதிவாகி, உள்ளே தமிழ் யுடிஎஃப்-8 ஆக இருக்கும். அங்கே லத்தீன் என்று சொல்லி எடுத்து, ஏற்றும் கோப்பில் எழுத்துமுறைப் பெயரை மாற்றி ஏற்ற வேண்டும். மாற்றியதும் முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், பத்தாண்டுக்கு முந்தைய தமிழ்ப் பதிவு ஒன்றையும் திறந்து பாருங்கள்.

25. வேர்ட்பிரஸ் டொமைனை மாற்றும்போது டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய பெயருக்குப் புதிய பெயர் என்று ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள். சில தகவல்களில் எழுத்துகளின் எண்ணிக்கையும் கூடவே பதிந்திருக்கும், எண்ணிக்கை பிசகினால் விட்ஜெட்டுகள் காணாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முதலில் 'ட்ரை ரன்' போட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள்.

26. கோப்புகளை விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் உரிமையாளர், அனுமதி விவரங்கள் எல்லாம் போய்விடும். சர்வரிலிருந்து சர்வருக்கே நேராக ஆர்சிங்க் செய்யுங்கள்.

27. டிகேஎல்பாம் பேக்கப்புக்குப் பாஸ்ஃபிரேஸ் வைத்தால் அதையும், சாவியின் எஸ்க்ரோ நகலையும் சர்வருக்கு வெளியே வையுங்கள். இரண்டும் தொலைந்தால் பேக்கப் இருந்தும் யாராலும் திறக்க முடியாது. ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்பாதீர்கள், அதே டிஸ்கில் இருப்பது அதே டிஸ்கோடு போகும். ஒருமுறையாவது வேறொரு விர்ச்சுவல் மெஷினில் திருப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

28. தானாக வரும் பாதுகாப்பு அப்டேட் டெபியன் பேக்கேஜ்களுக்கு மட்டுமே. வேர்ட்பிரஸ், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை டெபியனிலிருந்து வருவதில்லை. அவற்றை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். டெபியனுக்கும் காலக்கெடு உண்டு: டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது, டெபியன் 11-க்கான கெடு 2026 ஆகஸ்ட் 31. உங்கள் சர்வரில் டர்ன்கீ-வெர்ஷன் என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். 16 அல்லது அதற்குக் கீழே காட்டினால், இந்த வாரக் கடைசியிலேயே பதினெட்டாம் குறிப்பிலிருந்து தொடங்கிவிடுங்கள்.